வைத்தியர்கள் வகுத்த சட்டம்

1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியின் பல ஜில்லாக்களில் மழை பொய்த்து, ஏரிகள் வறண்டு, தானியத்தின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்த வேளையில், இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகப் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ராத்தல் தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலியே போதும் என்று தீர்மானித்தார். அக்காலத்தில் இந்த ராஜதானியின் சானிட்டரி கமிஷனராக இருந்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் வைத்தியர். சிறையில் அடைபட்டிருக்கும் கைதிக்குச் சர்க்கார் அளக்கும் படியைவிடக் குறைந்த உணவை உண்டு, வெயிலில் நாள் முழுதும் கூடை சுமக்கும் மனிதன் உயிர் தரித்திருக்க இயலாது என்றும், ஒன்றரை ராத்தல் தானியமும் அதனுடன் பருப்பு முதலியவையும் இன்றி அவனுடைய தசை தேய்ந்து, சிறு நோய்க்கும் அவன் இரையாவான் என்றும் அவர் எழுத்து மூலமாகவே வாதாடினார். டெம்பிளுக்கு முன்னே நின்றது செலவுக் கணக்கு. கார்னிஷுக்கு முன்னே நின்றவை முகாம்களில் கண்ட உடல்கள். சில மாதங்கள் நடந்த அந்த வாதத்தின் முடிவில் சென்னை சர்க்கார் படியை உயர்த்தியது உண்மையே. ஆனால் அந்தச் சில மாதங்களுக்குள் பறிபோன உயிர்களை எவ்வித உத்தரவும் மீட்டுத் தரவில்லை.

இந்தப் பிரதேசத்தின் சுகாதார நிர்வாக சரித்திரத்தைத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தோன்றவில்லை. நோயின் காரணம் இன்னதென்று அறிந்தவர் ஒருவர். பணத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தவர் வேறொருவர். பின்வந்த அறுபது ஆண்டுகளில் இந்த ராஜதானியில் நடந்த சீர்திருத்தங்கள் அனைத்தையும், அந்த அறிவையும் இந்த அதிகாரத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் முயற்சியாகவே நான் காண்கிறேன்.

சானிட்டரி கமிஷன் என்ற அமைப்பு 1864-இல் ஏற்பட்டது. இந்தியாவிலிருந்த வெள்ளைப் பட்டாளங்களின் மரண விகிதத்தைக் கண்டு அஞ்சிய பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த ராயல் கமிஷனின் சிபாரிசால் மூன்று ராஜதானிகளிலும் அது அமைந்தது. ஆகவே, ஆரம்பத்தில் அதன் கவலையெல்லாம் பாளையங்களைப் பற்றியதே. குடிபடைகளில் குடிகளின் முறை பிறகுதான் வந்தது. கமிஷனர் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கலாம், ஜனன மரணக் கணக்கைத் தொகுக்கலாம், ஆண்டறிக்கை எழுதலாம். ஒரு சாக்கடையைக் கட்டச் சொல்லி எந்த முனிசிபாலிடியையும் கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரமில்லை. இருந்தும், அந்த ஆலோசனைப் பதவியிலிருந்தே நிலைத்த காரியங்களைச் செய்தவர்கள் உண்டு. கிண்டியில் 1899-இல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தோன்றிய கிங் இன்ஸ்டிட்யூட், சானிட்டரி கமிஷனராயிருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. வெயிலில் கெட்டுப்போகாத அம்மைப்பால் கிடைத்த பிறகுதான், கிராமத்து வாசல்தோறும் சென்று அம்மை குத்துகிறவரின் உழைப்புக்கு முழுப் பலன் கிட்டியது.

அதிகாரம் இந்தியர் கைக்கு, அதுவும் பாதியளவில், வந்தது இரட்டையாட்சியின் மூலமாக. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நிதியையும் போலீஸையும் கவர்னரின் நிர்வாக சபையிடமே வைத்துக்கொண்டு, ஸ்தல ஸ்தாபனங்கள், கல்வி, வைத்தியம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றை மந்திரிகளிடம் மாற்றிக் கொடுத்தது. பெட்டிச் சாவி ஒருவரிடமும் வீட்டுச் செலவு மற்றொருவரிடமும் இருந்த குடித்தனம் அது. அந்த நெருக்கடிக்குள்ளும் முதல் மந்திரியாயிருந்த பனகல் ராஜா செய்த காரியங்கள் கவனிக்கத்தக்கவை. ஆஸ்பத்திரிகளின் உயர் பதவிகளெல்லாம் ஐ.எம்.எஸ். என்னும் ராணுவ வைத்திய உத்தியோகஸ்தர்களுக்கு உரிய சொத்துப்போல் இருந்த காலத்தில், வெளியே தொழில் நடத்தி வந்த இந்திய டாக்டர்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கௌரவ வைத்தியர்களாக நியமிக்கும் வழக்கம் அவர் காலத்தில் ஊன்றியது. கிராமங்களுக்கு மானிய வைத்தியர் என்ற ஏற்பாடும் 1924-ஐ ஒட்டி வந்தது. ஆஸ்பத்திரி கட்டப் பணமில்லாத சர்க்கார், பட்டதாரியோ எல்.எம்.பி. என்னும் குறுகிய வைத்தியப் படிப்பு முடித்தவரோ ஒரு கிராமத்தில் குடியேறித் தொழில் நடத்தினால், ஆண்டுக்கு இவ்வளவு என்று மானியமும் மருந்துச் செலவும் தந்தது. வசதியுள்ளவர்களிடம் அவர் கட்டணம் பெறலாம், ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. குறைந்த பணத்தில் வைத்தியரைக் கிராமத்தில் நிறுத்தி வைக்க இந்நாட்டில் செய்யப்பட்ட முதல் முயற்சிகளில் ஒன்றாக இதைக் கருதலாம். இன்றைக்கும் தீராத ஒரு பிரச்னைக்கு அன்று கண்ட நேர்மையான விடை அது.

அதே காலத்தில்தான், நாட்டு வைத்தியத்தைச் சர்க்கார் என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. ஜனங்களில் பெரும்பாலோர் நோயுற்றால் முதலில் நாடியது சித்த வைத்தியரையும் ஆயுர்வேத வைத்தியரையும் ஹக்கீமையுமே. சர்க்காரின் பணமோ அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முகம்மது உஸ்மான் தலைமையில் 1921-இல் அமைந்த கமிட்டி ராஜதானியெங்கும் உள்ள வைத்தியர்களுக்குக் கேள்விகளை அனுப்பி, தமிழிலும் ஏனைய மொழிகளிலும் அவர்கள் எழுதிய விடைகளைத் திரட்டி, 1923-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் காரியதரிசியாயிருந்த டாக்டர் ஜி. ஸ்ரீநிவாஸமூர்த்தி மேல்நாட்டு முறையில் தேர்ந்த டாக்டர். அவரே நமது முறைகளின் சாஸ்திரீய அடிப்படையைப் பற்றி விரிவாக எழுதி அந்த அறிக்கைக்கு உரமூட்டினார். அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் 1925-இல் இந்திய வைத்தியப் பள்ளி தொடங்கப்பட, அவரே அதன் முதல் தலைவரானார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றும் அங்கே போதிக்கப்பட்டன. அந்த இடத்தில்தான் பிற்காலத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எழுந்தது என்பதை அங்கே பயிலும் மாணவர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ!

ஆயினும், அந்தப் பத்தாண்டின் மிக நீண்ட பலன் தந்த ஏற்பாடு வேறொன்று. 1920-களின் தொடக்கத்தில் பொதுச் சுகாதார இலாகா தனி இயக்குநரின் கீழ் விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது, ஏ. ஜே. எச். ரஸ்ஸல் இயக்குநராயிருந்த ஆண்டுகளில் அது உருப்பெற்றது. ஜில்லாவுக்கு ஒரு சுகாதார அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதார இன்ஸ்பெக்டர்கள், அம்மை குத்துகிறவர்கள் என்று ஒரு படை நிறுவப்பட்டது. ஆஸ்பத்திரிகளை நடத்தும் வைத்திய இலாகா ஒருபுறமிருக்க, நோயாளி ஒருவரையும் படுக்க வைக்காத இந்த இலாகா, கிணற்றையும் சந்தையையும் சாக்கடையையும் ஜனன மரணப் பதிவேட்டையும் தன் உடைமையாகக் கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் உண்டு, அதைத் திறந்து வைக்க விழா உண்டு, குணமடைந்து போகிறவர் சொல்லும் நன்றியும் உண்டு. வராமற்போன காலராவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அதனாலேயே இரண்டு பணிகளும் ஒரே பையிலிருந்து செலவு பெறும் இடத்தில், தடுக்கும் பணி எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும். அன்று இந்த இலாகாவைத் தனித்து நிறுத்தியவர்கள் செய்த உபகாரத்தை நாம் இன்னும் முழுமையாக அளந்தோமில்லை.

அந்த இலாகாவின் வேலையை நேரில் காண வேண்டுமானால் திருவிழாக்களுக்குத்தான் போக வேண்டும். சித்திரை மாதத்து மதுரை, மார்கழியில் ஸ்ரீரங்கம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மகாமகத்துக்குத் திரளும் கும்பகோணம் முதலிய க்ஷேத்திரங்களில் கூடும் ஜனத்திரளோடு வாந்திபேதியும் கூடவே வந்து, யாத்திரிகர்கள் ஊர் திரும்பும் வண்டியிலேயே அவர்களுடைய கிராமங்களுக்கும் போய்ச் சேரும் என்பது வெகுகாலத்து அனுபவம். விழாவுக்கு முன்பே இன்ஸ்பெக்டர்கள் ஊரின் கிணறுகளை எண்ணி, ஒவ்வொன்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து, அதற்கேற்ற பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குவார்கள். தற்காலிகக் கக்கூசுகளுக்குக் குழி வெட்டப்படும். சத்திரங்களும் சாப்பாட்டுக் கடைகளும் சோதிக்கப்படும். வருகிறவர்களுக்கு ஊசி போடப்படும். பேதி கண்டவரைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு கொட்டகை தயாராக இருக்கும். மருந்து வாசனை அடிக்கிறதென்று கிணற்று நீரைக் கீழே கொட்டிய வீடுகளும், ஊசிக்குப் பயந்து ஓடியவர்களும் இல்லாமலில்லை. பொறுமையாக மீண்டும் மீண்டும் போய்ச் சொல்லிப் பழக்கியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத இன்ஸ்பெக்டர்களே.

1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது, பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் ஒரே மந்திரியிடம் வந்தன. அவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். ஸ்ரீரங்கத்திலே பிறந்து, திருவிழாக் கூட்டத்தையும் அதன் பின்விளைவையும் சிறு வயது முதல் கண்டவர், ராயபுரத்தில் வைத்தியம் படித்து, பர்மாவில் தொழில் செய்து, பிறகு லண்டன் சென்று அங்கே உயர்ந்த பட்டம் பெற்றவர், அவ்வூரில் வ. வே. சு. ஐயர் முதலிய தேசபக்தர்களோடு பழகியவர். திருச்சியில் ரண சிகிச்சையில் பேர் பெற்றவர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி வேதாரண்யத்தை நோக்கி உப்புச் சத்தியாக்கிரகிகள் புறப்பட்டது அவருடைய இல்லத்திலிருந்துதான். கார்னிஷ் காலத்தில் பிரிந்து கிடந்த அறிவும் அதிகாரமும் ஒரே மனிதரிடம் சேர்ந்த தருணம் இது என்று நான் சொன்னால் அதை மிகையென்று யாரும் கொள்ள மாட்டார்கள்.

சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாக நிறைவேறியது. இந்தியாவில் இவ்வளவு விரிவான சுகாதாரச் சட்டம் அதற்குமுன் எந்த மாகாணத்திலும் இருந்ததில்லை. குடிதண்ணீர், கழிவு நீர், கக்கூசு, கொசு ஒழிப்பு, தொற்று நோய்கள், பிரசவ சம்ரக்ஷணையும் சிசு பராமரிப்பும், சந்தைகள், விடுதிகள், திருவிழாக்கள் என்று வாழ்க்கையில் நோய் நுழையக்கூடிய வாசல்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார் எதைச் செய்யக் கடமைப்பட்டவர், செய்யாவிட்டால் அதைச் செய்விக்க யாருக்கு அதிகாரம் என்பதை அது வரையறுத்தது. இவற்றுள் பலவும் பழைய முனிசிபல் சட்டங்களில் சிதறிக் கிடந்தவைதான். புதிதாகவும் துணிச்சலாகவும் இருந்தது பணத்தைப் பற்றிய பிரிவு: சர்க்கார் மானியம் நீங்கலாகத் தன் வருமானத்தில் நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு முனிசிபாலிடியும், பன்னிரண்டரைப் பங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு ஜில்லா போர்டும் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியாக வேண்டும். அதிகாரம் கொடுத்துப் பணம் கொடுக்காத சட்டம் காகிதத்தோடு நின்றுபோகும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய வரி அது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில், யுத்தத்தில் இந்தியாவைக் கேளாமல் இழுத்துவிட்டதைக் கண்டித்து மந்திரிசபை ராஜினாமா செய்தது, சட்டம் நிலைத்தது.

இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் குறிப்பிடாமல் மேலே செல்வது நியாயமாகாது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1927-இல் சட்டசபைக்குள் முதல் பெண் அங்கத்தினராக நுழைந்து, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்திய வசதி வேண்டும் என்றும், பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலையைச் சோதிக்க ஏற்பாடு வேண்டும் என்றும் இடைவிடாது கேட்டு வந்தார். பெண்களின் நோய் சட்டசபையில் பேசத்தக்க விஷயமானது அவரால்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-இல் இந்திய சர்க்கார் ஸர் ஜோஸப் போர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்து, நாடு முழுவதற்குமான சுகாதாரத் திட்டம் ஒன்றை வகுக்கச் சொன்னது. அதில் சென்னையின் சார்பாக விளங்கியவர் டாக்டர் ஏ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார்: எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், சர்வகலாசாலையின் துணைவேந்தர். கமிட்டி 1946-இல் வெளியிட்ட அறிக்கை அன்றைய நிலையை மறைக்காமல் எழுதியது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இங்கிலாந்தில் அந்த எண்ணிக்கை 58. ஆயிரம் பிரசவங்களுக்கு இருபது தாய்மார்கள் இறந்தார்கள். பணம் கொடுக்க இயலாதவர் என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பதைக் கமிட்டி அடிப்படையாக வைத்து, நாற்பதினாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று தன் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்தல ஸ்தாபனங்களின் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்குக் கட்டாயமாக ஒதுக்கும் சென்னையின் முறையையும் அது ஏற்றுக்கொண்டது.

அந்த அறிக்கையில் மிகப் பெரும்பாலானவை நமக்குப் பெருமை தரக்கூடியவையே. ஆனால் இரண்டு விஷயங்களில் என் மனம் ஒப்பவில்லை. முதலாவது, எல்.எம்.பி. படிப்பை அறவே நிறுத்திவிட வேண்டுமென்று பெரும்பான்மையோர் கூறியது. கமிட்டிக்குள்ளேயே சிலர் அதை மறுத்து எழுதினார்கள். கிராமத்தில் தங்கிய வைத்தியர்களில் பெரும்பாலோர் அந்தப் படிப்பினர். அவர்கள் போனபின் அந்த இடத்தை எம்.பி.பி.எஸ். பட்டதாரி வெகுகாலம் நிரப்பவில்லை. இரண்டாவது, தடுக்கும் பணியையும் குணப்படுத்தும் பணியையும் நிர்வாகத்தின் எல்லாப் படிகளிலும் ஒன்றாக இணைக்க வேண்டுமென்ற சிபாரிசு. நோயாளியின் கண் கொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பதில் ஐயமில்லை. நிர்வாகத்திலோ, சுதந்திரத்துக்குப் பின் பல ராஜ்யங்கள் அந்தச் சிபாரிசைப் பின்பற்றி இரு இலாகாக்களையும் கலந்தபோது, சுகாதார அதிகாரி என்ற தனித்த உத்தியோகமே மங்கியது; ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கும் மருந்துகளுக்கும் பணம் போக, கிணற்றுக்கும் சாக்கடைக்கும் பேசுவார் இல்லாமற் போயினர். முதலியாரே பின்னர் தலைமை தாங்கி 1961-இல் அறிக்கை சமர்ப்பித்த கமிட்டி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் எண்ணிக்கையில் பெருகியும் ஆட்களும் வசதிகளும் இன்றித் தளர்ந்திருப்பதைக் கண்டு, புதியன கட்டுமுன் இருப்பனவற்றை வலுப்படுத்துங்கள் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

சென்னை ராஜ்யமோ இரு இலாகாக்களையும் கலக்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநர், தனி வரவு செலவு, பொதுச் சுகாதாரத்தில் தனிப் பயிற்சி பெற்ற அதிகாரிகள், அவர்களுக்குப் பின்பலமாக 1939-ஆம் ஆண்டுச் சட்டம் என்ற ஏற்பாடு, எத்தனையோ மந்திரிசபைகளும் கட்சிகளும் மாறியும், தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின்னரும், நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. இதன் பயனை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினம் முதலிய கரையோர ஜில்லாக்களை அழித்தபோது நாடே கண்டது. பிணங்களும் சேறும் உப்பேறிய கிணறுகளும் நிறைந்த கரையில், மற்ற ஜில்லாக்களிலிருந்து வரவழைக்கப்பட்ட சுகாதார அதிகாரிகளும் இன்ஸ்பெக்டர்களும் முகாம் முகாமாகப் பிரிந்து, தண்ணீரில் குளோரின் கலந்து, தட்டம்மை ஊசி போட்டு, ஒவ்வொரு பேதியையும் கணக்கில் எழுதினார்கள். கொள்ளைநோய் எழவில்லை. திருவிழாக் கொட்டகைகளில் மூன்று தலைமுறைகளாகக் கற்ற வித்தையன்றோ அது! கோவிட் பரவிய 2020-இல் முகக்கவசம் அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்கவும் புதுச் சட்டம் தேடவில்லை. ராஜன் காலத்துச் சட்டத்தையே திருத்திக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் திட்டம் வகுத்தவர்களிடமும் அந்த மரபு தொடர்ந்தது. 1994-இல் ஏற்பட்டு, அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கிய மருத்துவ சேவைக் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, மூலப்பெயரிலேயே விநியோகித்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, அதில் கண்ட தொகைக்குத் தக்க மருந்தை ஜில்லாக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தது. அதைப் போலவே அதே பத்தாண்டில் தொடங்கிய மற்றோர் ஏற்பாடும் மிகவும் முக்கியமானது. பிரசவத்தை ஒட்டி ஒரு தாய் இறந்தால், அந்த வீட்டுக்கே சென்று, வலி எப்போது கண்டது, வண்டி எப்போது கிடைத்தது, முதலில் போன ஆஸ்பத்திரியில் யார் இருந்தார், ரத்தம் எந்நேரத்தில் வந்தது என்று மணி மணியாக விசாரித்து எழுதி, கலெக்டர் முன்னிலையில் டாக்டர்கள் அதற்குப் பதில் சொல்லும் முறை ஏற்பட்டது. தண்டிப்பதற்காக அன்று, எந்த இடத்தில் தாமதம் நேர்ந்ததென்று கண்டு அந்த இடத்தை அடைப்பதற்காக. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆயிரத்துக்கு இருபது என்று போர் கமிட்டி எழுதிய அன்றைய விகிதம், இதே அளவில் லட்சத்துக்கு இரண்டாயிரம் ஆகும்.

2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா ராஜ்யங்களும் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்ற உத்தியோக வரிசை ஒன்றை அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. பிறர் இனி அமைக்கப்போவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது; இருக்கிற ஒன்றைக் காப்பது நம் கடன். காலிப் பணியிடங்களாகவும், ஒதுக்கியும் செலவழியாத தொகையாகவும் அது கரைந்துபோக நேர்ந்தால், அந்த நஷ்டம் எந்த விழா மேடையிலும் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் குழந்தைகளின் காய்ச்சலாகத்தான் தெரியும். ஆகவே, இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் நகராட்சி வரவு செலவுத் திட்டம் வெளியாகும் சமயத்தில் அதை வாங்கிப் பாருங்கள். சுகாதாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள், சுகாதார அதிகாரியின் இடத்தில் ஆள் இருக்கிறாரா என்ற மூன்றையும் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.